மணி அடிக்கவில்லை

வால்பரைசோவில் எல்லோரும் மேட்டுக்காரர்கள்.
வேலைக்குக் கடலடிக்கு இறங்கி
தூங்க மலைக்கு ஏறுகிறவர்கள்.
இருபத்தாறு வருடமாக
அவர்களை ஏற்றி இறக்குவது நான்.
மரப்பெட்டி இரண்டு, இரும்புக்கயிறு ஒன்று,
ஒன்று ஏற மற்றது இறங்கும் கிழட்டு விஞ்ச்.

கீழே ஆள் சேர்ந்ததும்
நெல்டா பொத்தானை அமுக்குவாள்.
மேலே என் தலைக்குப் பக்கத்தில் மணி அடிக்கும்.
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

மே மாதம், மழை பிடித்த ஒரு செவ்வாய்.
பத்து நிமிடமாக மணி இல்லை.
ஊரே லீவு போட்டுவிட்டது என்று நினைத்து
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
எட்டிப் பார்த்தால்
கீழே முப்பது பேர், குடையும் கோபமுமாக.
நெல்டா அமுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.
கடற்காற்றின் உப்பு
மணிக்கம்பியைத் தின்றுவிட்டிருந்தது.
மேலுறை புதுசு போல இருந்தது,
உள்ளேதான் ஒன்றுமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்

அதே வாரம் சர்க்கரைக்குக் காட்டப் போனேன்.
பதினான்கு வருடச் சர்க்கரை.
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி
பழகிப்போயிருந்தது.
விரலைக் குத்தி எண் பார்ப்பேன்.
நல்ல எண் என்றால் கேக் ஒரு துண்டு,
கெட்ட எண் என்றால்
அந்த வருத்தத்துக்கு ஒரு துண்டு.

டாக்டர் கயார்தோ சின்னப் பெண்.
நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் காகிதத்தை ஓடவிட்டாள்.
பேனா முனையால் ஒரு பள்ளத்தைத் தொட்டு
இது எப்போது என்றாள்.
எது என்றேன்.
மாரடைப்பு என்றாள்.

சிரித்துவிட்டேன்.
மாரடைப்பு எனக்குத் தெரியாதா?
என் மைத்துனன் துறைமுகத்தில்
நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
வெங்காய மூட்டைமேல் சரிந்தானே,
அதுவல்லவா மாரடைப்பு.

அவள் சிரிக்கவில்லை.
சர்க்கரை நரம்பை அரிக்கும்.
உங்கள் கால்விரல் மரத்தது போல
சிலருக்கு இதயத்தின் நரம்பும் மரத்துப்போகும்.
அது கூப்பிட்டிருக்கும்.
உங்களுக்குக் கேட்டிருக்காது.

திரும்பும் பஸ்ஸில் தேடினேன், எந்த நாள்?
பிப்ரவரியில் கேஸ் சிலிண்டரோடு
நாற்பதாம் படியில் உட்கார்ந்தேனே, அதுவா?
சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும், அப்படி வேர்த்தது.
வெயில் என்றேன்.
தாடையில் ஒரு கனம்.
சொத்தைப் பல் என்றேன்.
எவரிஸ்தோ, முகமெல்லாம் சாம்பல் பூத்திருக்கு என்றாள்
என் ஒர்தென்சியா.
தூக்கம் சரியில்லை என்றேன்.
எத்தனை பதில் கைவசம் வைத்திருந்தேன்
காதில் விழாத ஒரு மணிக்கு!

கம்பியை மாற்ற நகராட்சிக்கு ஏழு வாரம் ஆயிற்று.
என்னுடையதை மாற்ற ஆளில்லை.
ஆகவே நான் மணியை நம்புவதில்லை.
போய்ப் போய் எட்டிப் பார்க்கிறேன்:
காலையில் பிரஷர், ராத்திரியில் மாத்திரை,
நான் பார்க்கப் பிடிக்காத கொழுப்புக் கணக்கு.
நான்கு மடல் ரொட்டியில் இரண்டு எனக்கு,
இரண்டு தெருநாய்க்கு.
நாய் பருத்துக்கொண்டே வருகிறது,
அதற்கும் ஒருநாள் கயார்தோவிடம் சீட்டு எடுக்க வேண்டும்.
சிகரெட் பற்றிக் கேட்காதீர்கள்.
பதினொரு நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் படியில் நடந்தே ஏறுகிறேன்,
மெதுவாக, அவள் சொன்ன அளவு.
பக்கத்தில் பெட்டி ஏறிப் போகிறது.
விஞ்ச்காரன் நடக்கிறான், கயிறு அறுந்திருக்குமோ என்று
உள்ளிருந்து கேலி செய்கிறார்கள்.

நாற்பதாம் படியில் நிற்கிறேன்.
வேர்வையா, தாடையா, மூச்சா
என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன்.
ஏதாவது சரியில்லை என்றால்
வலிக்காகக் காத்திருக்காதே, ஓடி வா என்பது உத்தரவு.

மழையில் யாரும் நிற்கவில்லை போலிருக்கிறது.
இன்னொருமுறை
எட்டிப் பார்த்துவிட்டு
நாற்பத்தொன்று.