சிவப்பு நூல்

முட்டை இடாததின் காலில்
சிவப்பு நூல் கட்டுவேன்.
சனிக்கிழமை அந்திக்கு அது தராசில் ஏறும்.
வேறு சட்டமில்லை என் பண்ணையில்.

குலசேகரத்துக்கு மேலே
ரப்பர் மூட்டில் நூற்று நாற்பது உருப்படி.
கழுத்தில் முடியில்லாதவை, கருங்காலி, புள்ளிக்காரி,
கிராமப்பிரியாவின் சாயலில் பாதி,
அப்பன் யாரென்று சாவலுக்கே தெரியாது.
"அசல் நாடுதானே?" என்பார் கடைக்கார ஞானதாசு.
"பொறந்தது இந்த நாட்டுலதான்."
சிரிக்க மாட்டார். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைப்பார்.

ஞாயிறுக்கு ஒன்பது கேட்டிருந்தார்.
எட்டைப் பிடித்துக் கால் கட்டியாயிற்று.
ஒன்பதாவது, சாம்பல் நிறக்காரி,
நாற்பது நாளாய் முட்டைப் பெட்டிப் பக்கமே வராதவள்,
கூட்டில் இல்லை.

மரச்சீனி மூட்டில் தேடினேன்.
நேற்று வெட்டிய மரங்களின் சிரட்டைகளில்
மழைத்தண்ணீர்.
தோட்டத்துக் கடைசியில்
கைதச்சக்கைச் செடியின் முள்ளுக்குள்ளிருந்து
யாரோ என் கையைக் கொத்தினார்கள்.

பதினோரு முட்டை.
எல்லாம் வயிற்றுக்கடியில்,
சிவப்பு நூலும்.

பல்லால் கடித்து அறுத்தேன்.
எச்சமும் மண்ணும் கரித்தது.
மீன்காரி மேரிரோணிக்கம் விட்டுப்போன கடவத்தை
அவள்மேல் கவிழ்த்து
மரநாய்க்குப் பயந்து கல்லும் வைத்தேன்.
உள்ளிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள்.

நூலை எறியவில்லை.
ஞானதாசு இருமுறை அழைத்துவிட்டார்.
கூட்டுக்குள் டார்ச் அடித்தேன்.
பக்கவாட்டில் திரும்பி
நூற்று முப்பத்தோரு ஒற்றைக் கண்கள்
என்னைப் பார்த்தன.