முன்னுக்கு இருந்தனான்

தோஹாவில், வாசல் பதினேழில்,
என் பயணத்துண்டை வாங்கிய இயந்திரம்
ஒருதரம் கீச்சிட்டது.
பிழையாக்கும் என்று நெஞ்சு திக்கென்றது.
அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பழையதைக் கிழித்தாள்.
முப்பத்தொன்றாம் வரிசை நடு இருக்கை போய்
இரண்டாம் வரிசை யன்னலோரம்.

பதினொரு வருடம் இதற்குத்தான் சேர்த்தேன்.
மா ஆலை இறங்குதுறையில்
கோதுமைக் கப்பலின் ஈரம் அளக்கிறவன் நான்.
நனைந்ததற்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க
துறைமுகம் துறைமுகமாய்ப் போகிறவன்.
நேரே போகும் விமானத்தை விட்டுவிட்டு
சுற்றிப் போவதில் ஏறியிருக்கிறேன்,
நாநூறு புள்ளி கூட வரும் என்று.
ஒரு டிசம்பர் முப்பதில்
மாலைதீவுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்து
அதே விமானத்தில் திரும்பினேன்
வெள்ளி அட்டை தங்கமாக.
அன்றைக்கு சுகிர்தா கதவைத் திறந்து கேட்டாள்:
"ஆருக்கப்பா இந்த விசுவாசம்?"

சூடான துவாய் வந்தது.
"மிஸ்டர் குகா" என்று
என் பெயரின் முன்பாதியை மட்டும் மரியாதையாய்ச் சொன்னார்கள்.
இருக்கை கட்டிலாகியது.
நித்திரை கொண்டால் வீணாகிவிடும் என்று
நாலரை மணித்தியாலமும் முழித்திருந்தேன்.
ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தரம் அமத்தினேன்.
பின்னால் திரை மூடிக் கிடந்தது.

கட்டுநாயக்காவில் முதல் ஆளாய் இறங்கி,
முதல் பெட்டியாய் என் பெட்டி வந்து,
முதல் ஆளாய் வெளியில் வந்து
ஒன்றரை மணித்தியாலம் நின்றேன்.
"எல்லாரும் வந்தாத்தான் வான் வெளிக்கிடும் அண்ணை,"
நகுலன் பீடியை மறைத்துக்கொண்டு சொன்னான்.
"இன்னும் ஒராள். கிண்ணியா."

ஒட்டுநாடா சுற்றிய பெட்டியோடு வந்தா ஜெஸீமா.
ஏழாம் தரம் போய் வாறா.
வீட்டு வேலை; ரிக்கற் எப்போதும் ஏஜென்சிக்காரன் போடுவான்.
அங்கத்துவ இலக்கத்துக்கு ஒரு பெட்டி உண்டென்று
ஒருத்தரும் சொன்னதில்லை.
இருட்டில் நான் கணக்குப் பார்த்தேன்:
ஏழு தரம் போக, ஏழு தரம் வர.
வெள்ளி. வெள்ளிக்கும் கொஞ்சம் மேலே.
ஆறு மாதத்துக்கு முந்தியது செல்லாது.

அவவுக்குச் சத்தி வரும் என்று முன் சீற் கொடுத்தார்கள்.
எனக்குக் கடைசி வரிசை, மடியில் அவவின் பெட்டி.

ஹபரணைக்கு இங்கால் யானை.
வான், லொறி, மந்திரி வீட்டுக் கார் போல ஒன்று,
எல்லாம் விளக்கை அணைத்து நின்றன.
யானைக்கு எந்த அட்டையும் காட்டேலாது.
அப்போதுதான் ஜெஸீமா திரும்பினா.
"அதே பிளேன் என்டு நகுலன் சொல்றார். உங்களைக் காணல்லியே?"
"முன்னுக்கு இருந்தனான்."
"முன்னுக்கா," என்றா. அதற்கு மேல் கேட்கவில்லை.
தாளில் சுற்றி வைத்திருந்த பணிஸ் ஒன்றை நீட்டினா.
விமானத்தில் தந்தது.
வெள்ளிக் கரண்டியால் நான் கிண்டி விட்ட மீன் ஞாபகம் வர
வாங்கித் தின்றேன். பசி.

"இந்த முறை அல்லாஹ் கண்ணைத் திறந்தான்," அவ சொன்னா,
"பக்கத்து ஆள் வரல்ல.
ரெண்டு சீற்றிலயும் காலை நீட்டி
ரெண்டு வருசத்து நித்திரை."

தம்பலகாமம் சந்தியில் தம்பி ஓட்டோவோடு நின்றான்.
பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.
"முன்னுக்கு வாங்கோ அண்ணை, சீற் காலிதானே," நகுலன் கூப்பிட்டான்.
போய் இருந்தேன். சூடு இன்னும் ஆறவில்லை.
யன்னல் கிடுகிடுக்காமல் இடுக்கில்
எதையோ மடித்துச் செருகி வைத்திருந்தா.
சீனன்குடா ஓடுபாதை வெளிச்சத்தில் பார்த்தேன்.
அவவின் பெயர், பாதி.
முப்பத்தொன்று.
விரலால் இன்னும் கொஞ்சம்
உள்ளே தள்ளிவிட்டேன்.