கடைமடைக்கு முந்தி

பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
சட்டம் என்றால் இருபது கூட.
திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடை மாடியில்
இரண்டு நாடுகளின் ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது,
நாற்பத்தோரு பக்கம், ஸ்டேப்ளர் பின்னில் துரு.

ஒரு நாடு நம்முடையது.
இன்னொன்றை மகனின் அட்லஸில் தேடினேன்;
சுண்டுவிரல் நகம் அதை மூடிவிட்டது.
அங்கே கம்பெனிக்கு ஒரு தபால்பெட்டி.
இங்கே, புன்னைக்கோட்டகத்தில், நாற்றங்கால் நடுவே
கம்பி வேலிக்குள் ஒரு குழாய்த்தலை.

முதல் பத்தியிலேயே ‘முதலீடு’.
முப்பது வருஷமாக எழுதும் சொல். அன்றுதான் பிரித்தேன்:
முதல். ஈடு.
நடவுக் கூலிக்குத் தையல்நாயகி தோட்டை வைத்ததும் ஈடு.
அரசு குழாயை நிறுத்தியதற்குக் கம்பெனி கேட்பதும் ஈடு,
இனி வரவிருந்த இருபத்தைந்து வருஷ லாபத்தையும் சேர்த்து.
வராத லாபத்துக்கு அவர்கள் வைத்த பெயர்
‘நியாயமான எதிர்பார்ப்பு’.
ஷரத்து ஏழு, உட்பிரிவு இரண்டு. சிரிப்பு வந்தது.

ஒப்பந்தம்தான் ரத்தாகிவிட்டதே என்றேன்.
‘அதுக்குத்தான் கடைசிப் பக்கம்’ என்றார் வக்கீல் குமாஸ்தா.
ரத்தான நாளிலிருந்து பதினைந்து வருஷம்
அது உயிரோடு இருக்குமாம்.
எங்கள் பக்கம் செத்தவருக்குப் பதினாறு நாள்.

சாட்சி மூன்று: அ. தையல்நாயகி, நாலு மா.
திரையில் மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர்.
முதன்முதலில் எப்போது ஆட்சேபித்தீர்கள்?
அவள் யோசிக்கவேயில்லை:
‘கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்கு முந்தியே சொல்லிட்டோம்.’

தேதி வேண்டும் என்றார்கள்.
கம்பெனி பணத்தைப் போட்டதற்கு முன்பா, பின்பா,
வழக்கே அந்த ஒரு நாளில் நிற்கிறது.

மேட்டூர் திறந்த நாள் செய்தித்தாளில் இருந்தது.
கல்லணைக்கு இத்தனை, வெண்ணாற்றுக்கு இத்தனை,
கோரையாறு, முள்ளியாறு
என்று கூட்டிக்கொண்டே
லஸ்கர் அமிர்தகடேசனிடம் போனேன்.
எச்சில் தொட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.
மேல்மடைக்குத் தேதி இருந்தது. நடுமடைக்கும்.
அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டம்.
‘அந்த வருஷம் கடைமடைக்கு வரவே இல்லீங்க.’

அப்படியானால் அவள் சொன்ன ‘முந்தி’
இன்னும் முடியவில்லை.

ராத்திரி அதை அடிக்குறிப்பாக எழுதினேன், ஆறு வரி.
காலையில் குமாஸ்தா சிவப்புப் பேனாவால் அடித்தார்.
‘இதையெல்லாம் ட்ரிப்யூனல் படிக்காது. அடிக்குறிப்புக்குக் காசும் கிடையாது.’
தேதிக்கான இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினோம்.

சாயங்காலம் தையல்நாயகி போன் செய்தாள்.
‘அந்தத் தேதி கெடச்சுதாம்மா?’
இல்லை என்றேன்.
பின்னால் டிராக்டர் சத்தம். கொஞ்ச நேரம் பேசவில்லை.
‘இந்த வருஷம் வந்தா சொல்றேன்,
குறிச்சுக்குங்க.’