கூச்சக்கொடி

மூன்று யூரோவுக்கு வாங்கிய பழைய அகராதியில்
‘ஷொய்’ என்றால் கூச்சம்.
‘ரேபே’ என்றால் கொடி.
ஷொய்ரேபே: கூச்சக்கொடி.
சரியாகத்தான் பட்டது எனக்கு.
இலைக்குள் முகம் புதைத்த குலைகள்,
அவற்றின் முன்னே குனிந்தபடி,
ருமேனியாவிலிருந்து வந்து இறங்கி
‘ஆம்’, ‘நன்றி’, ‘வாளி’ தவிர
வாய் திறக்காத நான்.

கெர்னோட் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
டிராக்டரை அணைத்துவிட்டுச் சொன்னான்:
அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.
அதோ, அந்த மேட்டுக்கு அப்பால்
அல்ட்ஸையில் விதை போட்டு எடுத்தவர்.
முதலில் பெயரே கிடையாது,
நாற்று எண்பத்தெட்டு, அவ்வளவுதான்.
கெட்ட காலத்தில் கட்சிக்காரன் ஒருவன் பெயரைக்
கழுத்தில் கட்டினார்கள்.
போர் முடிந்ததும் அவிழ்த்தார்கள்.
பெற்றோரில் ஒருவர் பெயர்கூட அட்டையில் தப்பு,
மரபணு பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவன் ஒரே மூச்சில் அத்தனை பேசி
அதற்கு முன் யாரும் கேட்டதில்லையாம்.
நான் பதிலுக்கு ‘வாளி’ என்றேன்.
வேறு சொல் வரவில்லை.

கூச்சமாவது!
மார்ச்சில் தொட்டியிலிருந்து பிடித்துக் கொடுத்தான்.
மூக்கருகே கொண்டுபோவதற்குள்
எட்டிப் பாய்ந்தது வாசம்,
தோலை நகத்தால் கிள்ளியது போல.
‘பம்பெல்மூசே’ என்றான், கண்ணாடிக் கோப்பையைப் பார்த்தபடி.
அகராதி தேவைப்படவில்லை.
பக்கத்தில் ரீஸ்லிங் வைத்த மேசையில்
இது கதவை உதைத்துக்கொண்டு நுழைகிற விருந்தாளி.

நான்காம் அறுவடைக்குப் பின், நவம்பரில்,
பதிவு அலுவலகத்தில் ஃபிராவ் டோர்ஷுக்
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
திருமணத்துக்குப் பின் எந்தப் பெயர்?
அவனுடையதுதானே? எளிதாக இருக்கும்.
அவள் கை ஏற்கெனவே
கேர்பௌம் என்று எழுதத் தொடங்கியிருந்தது.

எண், கட்சிக்காரன், தப்பான அட்டை
எல்லாம் தொண்டைக்கு வந்தன.
‘பலனேஸ்கு’ என்றேன்.
அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய குரல்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
இரண்டு ‘அ’வுக்கும் தலையில் பிறை உண்டு, என்றேன்.
தட்டச்சில் இல்லையே, என்றாள்.
கையால் போடுங்கள். காத்திருக்கிறேன்.

போட்டாள். முதல் பிறை கோணல்.
இரண்டாவது பரவாயில்லை.

கெர்னோட் பக்கம் திரும்பினேன்.
காது மடல்வரை சிவந்து
ஜன்னலுக்கு வெளியே, எதுவுமில்லாத நிறுத்துமிடத்தை
அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அகராதி முழுக்கப் பொய் சொல்லவில்லை.
ஆளை மட்டும்தான் மாற்றிச் சொல்லியிருந்தது.