பக்கம் 143

முப்பத்தெட்டு டாலர்.
வாங்கியது வீட்டுக்குத் தெரியாது.
கோட்டை முடிவாட்டங்கள் பற்றிய தடித்த புத்தகம்,
எழுதியவர் கிராண்ட்மாஸ்டர் ஓலெக் ஹ்ரிட்சென்கோ.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
நான் இருக்கிறேன், கறுப்பாக,
பெயரில் இரண்டு பிழைகளோடு.

வினிபெக், 1994, கடைசிச் சுற்று.
அவருக்குக் கோட்டையும் இரண்டு காலாட்களும்.
எனக்கு வெறும் கோட்டை,
ஓரத்தில் ஒதுங்கிய ராஜா.
"அறுபத்தோராவது நகர்த்தலில்
எதிராளி மனந்தளர்ந்து கைவிட்டார்.
ஆட்டம் உண்மையில் சமன்"
என்று எழுதி, அம்புக்குறி போட்டு
வழியும் காட்டியிருக்கிறார்.

மனம் தளரவில்லை, ஐயா.
பத்து நாற்பதுக்குக் கடைசி பஸ்.
பதினொன்றரைக்குப் பேக்கரியில் இரவு வேலை,
பிந்தினால் மூன்றாவது எச்சரிக்கை.
இதைச் சொல்லத்தான் நூலகத்துக்குப் போனேன்,
ஜனவரியில், மைனஸ் இருபத்தொன்பதில்.

வரிசையில் அவரிடம் படித்த பிள்ளைகள்,
இப்போது தாடியும் கைக்குழந்தையுமாக.
என் முறை வந்ததும் அவர்
முதல் பக்கத்தைத் திறந்தார்.
நான் புரட்டி என் பக்கத்தைக் காட்டினேன்.
கன்னத்தில் முஷ்டி வைத்து
பலகையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்,
பின்னால் வரிசை நெளிய நெளிய.

"அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை" என்றார்.
"ஒன்பது வருடம் கழித்து, வகுப்பில்
ஒரு சிறுமி கேட்டாள்:
இவர் ஏன் விட்டுவிட்டார்?
அந்த இரவு நான் தூங்கவில்லை.
உங்கள் அரைப் புள்ளியில்தான்
எனக்குப் பட்டம் வந்தது."
பட்டத்தால் பயிற்சிப் பள்ளி.
பள்ளியால் புத்தகம்.
புத்தகத்தில் நான்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
பஸ் இருந்தது உண்மை.
கோட்டையைப் பின்னுக்கு இழுத்தால் தப்பலாமென்று
எனக்குத் தோன்றவே இல்லை,
அதுவும் உண்மை.
முப்பது வருடமாக
முதலாவதைப் போட்டு
இரண்டாவதை மூடி வைத்திருந்தேன்.

பேனாவைத் திறந்து பெயர் கேட்டார்.
கதிரவேற்பிள்ளை.
பதினாறு ஆங்கில எழுத்தையும்
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
ஓரத்தில் திருத்திவிட்டு
"அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்" என்றார்.
பிறகு, "அடுத்த பதிப்பு வராது" என்றும்
அவரே சொல்லிச் சிரித்தார்.

போர்ட்டேஜ் அவெனியூ நிறுத்தத்தில்
பஸ் பதினொரு நிமிடம் தாமதம்.
கண்ணாடியில் படிந்த பனியில்
கையுறையைக் கழற்றி
நகத்தால் கட்டங்கள் கீறினேன்.
அவருடைய காலாட்கள், அவருடைய கோட்டை,
ஓரத்தில் என் ராஜா.
விரல் விறைத்தது.
இன்னும் என் முறைதான்.