ஆறு பூனைகள்

முத்ரா மீன்சந்தையில்
சுலைமான் அல் பலூஷி தோலுரிக்கும்போது
கத்தி சத்தம் போடாது.
வஞ்சிரத்தின் வால்பக்கம் ஒரு கீறல், ஒரு இழுப்பு,
சட்டை கழற்றியதுபோல் மீன் கிடக்கும்.
சதை ஊருக்கு. தோல் எனக்கு.

"எத்தனை பூனை வளர்க்கிறாய், தக்தோரா?"
புரதத்துக்கு அரபியில் சொல் தெரியாத
முதல் வருஷம் அது.
ஆறு என்றேன்.
பொய் அப்படியே நிலைத்துவிட்டது.
பெருநாளுக்கு அவற்றுக்கென்று தனிப்பொதி,
காசு வாங்கமாட்டார்.

அட்டையில் பெயர் ஜெசிந்தா மிராண்டா.
தொழில் ஆய்வக உதவியாளர்.
ஆராய்ச்சியாளருக்கு இந்த வருஷம் விசா இல்லை
என்றிருந்தார் மனிதவளத்துறைக்காரர்.
பதினோரு வருஷம் உதவினேன்.
யாருக்கு என்று அட்டையில் போடவில்லை.

மீனுக்கு முன்னால் இறக்குமதிப் பொடி.
தீக்காயப் பிரிவில் ஒரு தகப்பன்
மகளின் கைக்கும் எனக்கும் நடுவே நின்று கேட்டார்:
"இது எந்தப் பிராணி?"
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.
தெரியாது என்றேன்.
"அப்படியென்றால் வேண்டாம்."
மரியாதையாகத்தான் சொன்னார்.
அன்று மாலை முத்ராவுக்குப் பேருந்து ஏறினேன்.

செதில் சுரண்டி, கழுவி, அமிலத்தில் ஊறவைத்து
ஐம்பது டிகிரியில் விட்டால்
ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருந்த மூன்று இழையும்
கை விட்டுவிடும்.
ஆறும்போது மறுபடி தேடும்.
பழைய துணையே அகப்படும் என்றில்லை,
அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும்.
அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர்தான் ஜெலட்டின்.
ரூவியில் என் அறையிலும் மூன்று கட்டில்.
வருஷத்துக்கு ஒருத்தி மாறுவாள்.

மீன் ஜெலட்டின் சொன்ன பேச்சு கேட்காது.
ஆகஸ்டில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது,
நாற்பது தகடும் தண்ணீர்.
இறுக்குவதற்கு ஒன்றைச் சேர்த்தேன். இறுகியது.
செல்கள் ஒன்றுவிடாமல் செத்தன.
அப்புறம் ஒரு காயின் சாறு.
விடிவதற்குள் கஞ்சி நிறம் போய்
சட்டைப்பையில் கசிந்த மைபோல நீலம்.
செல்கள் பிழைத்தன, பெருகின,
ஞாயிற்றுக்கிழமை கூட.
ஆய்விதழிலிருந்து ஒரே கேள்வி:
நிறத்தை நீக்க இயலுமா?
மூன்று வருஷம் பார்த்தேன். இயலாது.

வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே நான் ஐஸ் ஊசிகளை வளர்ப்பேன்.
வளர்ந்ததும் வெற்றிடத்தில் வைத்து
உருகவிடாமல் ஆவியாக்கி அனுப்பிவிடுவேன்.
ஊசி இருந்த இடமெல்லாம் காலியாக நிற்கும்,
செல்கள் குடியேற.
அந்தக் காலியிடம்தான் நான் செய்தது.
மற்றதெல்லாம் மீன்.

பதினாலாம் வருஷம், சர்க்கரைக்காரர்களின் கால்புண் பிரிவு.
போர்வையை விலக்கினேன்.
சுலைமான்.
இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள்.
குதிகாலில் காசகலக் குழி.
நீலத் தகட்டை வெட்டி அளவு பார்த்தேன்.
"இது எந்தப் பிராணி?"
"உங்கள் வஞ்சிரம்."
கூரையில் மின்விசிறி இல்லை,
ஆனாலும் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்போ பூனைகள்?"
தகட்டின் ஓரம் இன்னும் நனையவில்லை.
உப்புநீரைச் சொட்டுசொட்டாக விட்டேன்.

ஏழு வாரத்தில் முக்கால் புண் மூடியது.
கால்வாசிக்குத் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள்.
அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்.

கடையில் இப்போது மகன்.
அவன் கத்தி சத்தம் போடுகிறது.
"பூனைகள் எப்படி இருக்கின்றன என்று
அப்பா கேட்கச் சொன்னார்."
முகத்தில் சிரிப்பில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது.
ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்றேன்.
இன்னும் ஒரு கிலோ சேர்த்துப் போட்டான்.