ஆண்டறிக்கை, இரண்டு பக்கத்துக்குள்

இரண்டு பக்கத்தில் முடித்துவிடு என்கிறார் கமிஷனர்.
எண்கள் போதும் மார்லிஸ்,
யாரும் படிப்பதில்லை.

சரி, எண்கள்.
எட்டுக் கல்லூரிகள், ஏழு சனிக்கிழமைகள்,
இருபத்தெட்டு ஆட்டங்கள்.
நடந்தவை இருபத்தேழு.
அந்த ஒன்றுக்குப் பிறகு வருகிறேன்.

சாம்பியன் ஆஷ்பி. ஏழுக்கு ஏழு.
ஜெயித்துக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி
எழுத ஒரு வரி போதும்.

டன்மோர் ஆறு.
ஏழாவதைத் தடுத்தது ஆஷ்பிகூட இல்லை,
ஓர் இரும்புச் சங்கிலி.
நான்காம் முயற்சி, கடைசி நிமிடம்,
எல்லைக்கோட்டிலிருந்து அளக்க ஓடி வந்தார்கள்.
பந்தின் மூக்குக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு சோளமணி நுழையும் இடம்.
சங்கிலியின் இந்த முனையைப் பிடித்திருந்தவர்
ஆர்லோ ஷ்மெக்பெப்பர்,
டன்மோர் பள்ளியில் கணக்கு வாத்தியார்,
தம்பி மகன் அந்த அணியிலேயே ஆடுகிறான்.
பத்து கெஜம் என்றால் பத்து கெஜம்தான் என்றாராம்.
ஊர்க்கடையில் இன்றுவரை
அவர் கோப்பையில் மட்டும் காபி ஆறிப்போய் வருகிறது.

ஹாரோ நாலு, செயின்ட் ப்ரெண்டன் நாலு,
வழக்கம்போல்.

லட்லோ, அபராதத்தில் மட்டும்
எழுநூற்றுப் பன்னிரண்டு கெஜம்
பின்னோக்கி நடந்த அணி.
சாண் ஏறி முழம் சறுக்கும் கூட்டம்.
அப்படியும் மூன்று ஆட்டம் ஜெயித்தது என்றால்
எதிரே நின்றவர்களை என்ன சொல்ல.

நார்வே க்ரீக் இரண்டு.
அதில் ஒன்று பனிப்புயலில்.
செமிசி ஃபிஃபிடா ஐம்பத்திரண்டு கெஜத்திலிருந்து உதைத்தான்.
பந்து வெள்ளைக்குள் போனது,
போனது போனதுதான்.
நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
கம்பத்துக்குப் பின்னால் ட்யூபாவோடு நின்ற பெண்
தோளைத் தேய்த்தபடி கை தூக்கினாள்.
மூன்று புள்ளி.

வெண்டல்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது:
மே மாதத்தோடு கல்லூரியை மூடுகிறார்கள்.
தொண்ணூற்று நாலு பேர் இருந்த அணி
அக்டோபரில் நாற்பத்தொன்று.
தோற்றார்கள். மறுபடி தோற்றார்கள்.
ஐந்தாவது தோல்விக்கு மறு சனிக்கிழமை
ப்ரேரி க்ராஸ் வந்திருக்க வேண்டும்.
அங்கே முப்பத்தேழு பேருக்கு வாந்தி பேதி,
பஸ் கிளம்பவில்லை.
தகவல் வந்தபோது மணி பன்னிரண்டு.
பையன்கள் தலைக்கவசம் வரைக்கும் மாட்டியாயிற்று,
டக்கோட்டாவிலிருந்து பெற்றோர் வந்தாயிற்று.

ஒரே ஒரு ஆட்டம் போட்டுவிடுகிறோம் என்று கேட்டான்
க்வார்ட்டர்பேக் கால்வின் ஓட்டர்ஸ்டால்.
வரிசை கட்டினார்கள்.
காற்றை முட்டித் தள்ளினார்கள்.
எதிரே ஒரு ஆள் இல்லை.
கால்வின் வீசினான், அழகான வீச்சு,
பிடிக்க வேண்டியவன் நழுவ விட்டான்.

எழுநூறு பேர் சிரித்த சிரிப்பு
அடங்க நெடுநேரமாயிற்று.
அடங்கியபிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

வராதவர்களுக்கு எதிரான வெற்றியை
ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பதியச் சொல்கிறது விதி.
பதிந்தேன்.
வெண்டல் ஒன்று, ப்ரேரி க்ராஸ் ஒன்று.
கூட்டிப் பாருங்கள், இருபத்தெட்டு வரும்.

இனி வரும் ஆண்டின் அட்டவணை.
ஏழு அணிகள், ஒற்றைப்படை.
வாரம் ஒரு அணி சும்மா இருக்கும்,
அந்தக் கட்டத்தில் ஓய்வு என்று அடிக்க வேண்டும்.
கணினிக்கு இன்னும் தெரியாது,
பழைய பெயரைத் தானாக நிரப்புகிறது:
ஆஷ்பி, வெண்டல்.
லட்லோ, வெண்டல்.
டன்மோர், வெண்டல்.
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன்.
ஆறு முடிந்தது.

ஏழாவது, அக்டோபர் பதினெட்டு, ப்ரேரி க்ராஸ்.
அவர்கள் ஒரு ஆட்டம் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

அதை அப்படியே விட்டிருக்கிறேன்.
கமிஷனர் கண்ணில் படாது,
இது மூன்றாம் பக்கம்.